மச்சினன் போட்ட ரோடு

எங்கள் ஊர் ரோட்டைப் பராமரிக்கிற வேலையைத் தன் தம்பி எடுத்திருக்கிறான் என்பதை ஊர் முழுக்கச் சொல்லி முடிக்க என் மனைவிக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை. பைக்கில் எனக்குப் பின்னால் உட்கார்ந்து போகும்போது எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டி, "என் தம்பி ரோடு" என்பாள். அவன் ரோடு போடவில்லை, குழியைத்தான் அடைக்கிறான் என்று ஒருமுறை சொன்னேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை.

அவள் எட்டாவது படிக்கும்போது அவளுடைய அம்மா இறந்துவிட்டார். தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆகி அவள் என் வீட்டுக்கு வந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு அவனும் வந்தான். இரண்டு தெரு தள்ளி அப்பா இருந்தாலும் சாப்பாடும் தூக்கமும் எங்கள் வீட்டில்தான். எனக்கு மகள் பிறந்த பிறகும், முட்டை ஒன்றுதான் இருந்தால் அது அவனுக்குத்தான் போகும். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

சின்னமனூரில் எனக்கு மோட்டார் காயில் கட்டுகிற கடை. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் விவசாயிகள் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவளும் தினமும் என்னோடு கடைக்கு வருவாள். எரிந்த கம்பியை உருவி எடுப்பது, போனில் பதில் சொல்வது, சொன்ன நேரத்துக்கு மோட்டார் தரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களோடு பதிலுக்குச் சண்டை போடுவது எல்லாம் அவள் பொறுப்பு. சாயங்காலம் ஒரே பைக்கில் வீடு திரும்புவோம்.

முன்பெல்லாம் எங்கள் பேரூராட்சியே தன் ஆட்களை வைத்துக் குழி அடைத்துவந்தது. பிறகு எல்லா ரோடுகளையும் மொத்தமாகச் சேர்த்து, சில வருடங்களுக்கு மதுரைக்காரர் ஒருவரிடம் ஒப்பந்தத்துக்கு விட்டார்கள். அதற்கு ஒரு விழா நடந்தது. இனிமேல் குழி விழுந்தாலும் அவர் பொறுப்பு, குழியில் யாராவது விழுந்தாலும் அவர் பொறுப்பு, நாம் நிம்மதியாக இருக்கலாம் என்று மைக்கில் சொன்னார்கள். கூட்டம் கை தட்டியது. என் மனைவியும் தட்டினாள். மதுரைக்காரர் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. ரோடுகளைத் துண்டு துண்டாக்கி உள்ளூர் ஆட்களிடம் உள்குத்தகைக்குக் கொடுத்தார். சின்னமனூர் மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர் வரைக்குமான துண்டு என் மச்சினனுக்கு வந்தது. அவன் அதுவரை டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டுவிட்டு வந்து, அக்காவின் காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டான்.

குழி அடைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. உடைந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்துவிட்டு, ஜல்லியைக் கொட்டிக் கெட்டித்து, மேலே தார் போட வேண்டும். வெட்டுவது சுலபம், ஒரு காலைப்பொழுது போதும். ஆனால் தார்க்கலவை மதுரைக்காரரின் லாரியில் வர வேண்டும். அது வருகிற நாளில்தான் வரும். அதனால் என் மச்சினன் வெட்டிப்போட்ட சதுரங்கள் ரோட்டின் ஓரத்தில் வாய் திறந்துகொண்டு கிடக்கும். பக்கத்திலேயே ஜல்லி குவிந்திருக்கும். எச்சரிக்கைப் பலகை, சிவப்பு நாடா எதுவும் இருக்காது. கேட்டால், அதெல்லாம் மதுரையிலிருந்து கொடுத்துவிடவில்லை என்பான்.

ஒருநாள் கடையிலிருந்தே அவனுக்கு என் மனைவி போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஏலே, ரோட்ட வெட்டி வெட்டிப் போட்டுருக்க. ஒரு கல்லாச்சும் வைக்கக் கூடாதா? ஒரு மரக்கொப்ப ஒடிச்சு நடக் கூடாதா? எவனாவது விழுந்து செத்தா ஒம் பேருதேன் கெடும்."

அவன் என்ன சொன்னானோ, சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். "நாளைக்கு வைக்கிறானாம்" என்றாள்.

ஐப்பசி மழை பிடித்திருந்த நேரம். அன்று சாயங்காலம் மழை விடட்டும் என்று காத்திருந்து, தூறலாகக் குறைந்ததும் கிளம்பினோம். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன். அவள் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டிருந்தாள். வாய்க்கால் பாலத்துக்கு இந்தப்புறம் இருக்கிற குழிகள் எல்லாம் எங்களுக்குத் தெரியும். அவளே பின்னாலிருந்து தோளைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாலத்தைத் தாண்டியதும் எதிரில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று வந்தது. நான் இடப்பக்கம் ஒதுங்கினேன். வேகமாகப் போகவில்லை; அந்த ரோட்டில் வேகமாகப் போகவும் முடியாது. ஓரத்தில் தண்ணீர் தேங்கி ரோடு மட்டத்துக்கு நின்றது. அது அன்று காலையில்தான் வெட்டிய குழி. நாங்கள் கடைக்குப் போன பிறகு வெட்டியிருக்கிறான். முன் சக்கரம் உள்ளே இறங்கியது.

நான் ரோட்டில் விழுந்தேன். அவள் ஜல்லிக் குவியலில் விழுந்தாள்.

எனக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருந்தது. அவளுக்குத் தலையின் பின்பக்கம். ஆம்புலன்ஸில் தேனி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவளுக்கு நினைவு இருந்தது. வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. "தம்பிக்குப் போன் போடுங்க, தம்பிக்குப் போன் போடுங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். இடது கையால் போன் போட்டேன்.

"எங்கன மச்சான்?" என்றான்.

"பாலத்துக்கு அங்கிட்டு. நீ வெட்டுன குழியிலடா. தேனிக்குக் கொண்டு போறோம். அக்கா ஒன்னயத்தேன் கேக்குறா, சீக்கிரம் வா."

போன் கட்டாகிவிட்டது. கிளம்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். "வந்துக்கிட்டு இருக்கான்" என்று அவளிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன பிறகும் அவள் கதவுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே போய்விட்டாள். அவன் விடிந்த பிறகு வந்தான்.

வந்தவன் சுவரில் முட்டி முட்டி அழுதான். நெற்றி புடைத்துவிட்டது. கட்டுப் போடாத கையால் நான்தான் அவனைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். கொஞ்சம் தெளிந்ததும், போலீஸ், போஸ்ட்மார்ட்டம் எல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். "நீங்க ஒக்காருங்க மச்சான். ஒங்களுக்குக் கையே தூக்க முடியல. நான் பாத்துக்கிறேன்" என்றான். அவன் இருந்தது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

எரித்து, பால் ஊற்றி, சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பாலத்துக்கு அந்தப்புறம் பலகை வைக்காமல் வெட்டிய குழியால்தான் இது நடந்தது என்று எழுதிக் கொடுக்கப் போனேன். மச்சினன் பெயரைச் சொல்லும் எண்ணம் எனக்கு அப்போது இல்லை. பேரூராட்சி, ஒப்பந்தக்காரர் என்று பொதுவாகச் சொல்லலாம் என்று இருந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"ஒங்க மேலதேன் கேஸ் ஆயிருச்சே" என்றார். "அதிவேகமா, அஜாக்கிரதையா வண்டிய ஓட்டி, பின்னாடி ஒக்காந்துருந்தவுக சாவுக்குக் காரணமாயிட்டீகன்னு."

"யாரு சார் சொன்னது?"

"செத்தவுக தம்பி. ஆஸ்பத்திரியில வச்சே எழுதிக் குடுத்துட்டாரு."

எனக்குப் புரியவில்லை. கடன்காரன் மாதிரி எழுந்து நின்றுகொண்டு, "குழி இருக்கு சார், வந்து பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. ஒரு போலீஸ்காரரை என்னோடு அனுப்பினார். பாலத்துக்கு அந்தப்புறம் போய் நின்றோம். குழி இல்லை. ரோட்டின் மற்ற இடமெல்லாம் நரைத்துக் கிடக்க, அங்கே மட்டும் கறுப்பாக, வழவழவென்று, சதுரமாக ஒரு தார் ஒட்டு. ஜல்லிக் குவியலையும் காணோம். அவளுடைய ரத்தம் பட்ட ஜல்லியைத்தான் உள்ளே போட்டு மூடியிருந்தார்கள். அந்த ரோட்டிலேயே நன்றாகப் போட்ட ஒட்டு அதுதான்.

போலீஸ்காரர் செருப்பால் அதை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பாலத்தடியில் டீக்கடை வைத்திருக்கிற அம்மாவிடம், இதை எப்போது அடைத்தார்கள் என்று கேட்டேன்.

"அன்னைக்கேதேன். ஒங்களத் தூக்கிட்டுப் போன வண்டி தேனிகூடப் போயிருக்காது. ஒங்க மச்சினந்தேன் ஆள் வச்சு நின்னு போட்டாக. டிராக்டர் லைட்ட எரிய விட்டுக்கிட்டு போட்டாக. விடியுற வரைக்கும் இங்கனதேன் இருந்தாக. வேல பாத்த ஆளுகளுக்கு எங்கிட்டத்தேன் டீ வாங்கிக் குடுத்தாக." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார்.

அவன் அங்கே நின்று குழியை அடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் உயிரோடு இருந்தாள். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நேராக அவனிடம் போகவில்லை. போயிருந்தால் ஏதாவது ஆகியிருக்கும். மறுநாள் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அவனை விட்டுவிட்டு அவனுக்கு மேலே இருப்பவர்கள் யாரையாவது பிடிக்க முடியுமா என்று பார்க்கத்தான் போனேன். அங்கிருந்த பொறியாளர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர். விசிறியை என் பக்கம் திருப்பிவைத்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அண்ணே, ரோடு எங்களுதுதேன். ஆனா அதுல என்ன நடந்தாலும் பொறுப்பு எங்களுது இல்ல. அதுக்காகத்தேன வெளிய விட்டுருக்கோம்" என்றார். "இதுக்கு எங்களுக்கு டிரெய்னிங்கே நடத்துனாக. எந்த ரிஸ்க்க யாரால தூக்க முடியுமோ, அவுக தலையில அத வைக்கணும்னு சொல்லிக் குடுத்தாக."

"நீங்க யாரு தலையில வச்சீக?"

"மதுரைக்காரர் தலையில."

அவரே மதுரைக்காரருக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தார். அந்தக் குரலிலும் கோபமே இல்லை. முதலில் அனுதாபம் சொன்னார். பிறகு, "தாராளமா கேஸ் போடுங்க, நான் தடுக்க மாட்டேன். அந்த ரோட்டுல விபத்து, நஷ்டம், உயிர்ச்சேதம் எது நடந்தாலும் நாந்தேன் பொறுப்புன்னு உங்க மச்சினன் எனக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துருக்காரு. யார் மேல போட்டாலும் கடைசியில அது அவர் மேலதான் வந்து நிக்கும். நல்லா யோசிச்சுச் செய்யுங்க" என்றார்.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். பொறியாளர் எனக்குத் தண்ணீர் வரவழைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

வருகிற வழியில்தான் முழுதாகப் புரிந்தது. பேரூராட்சி மதுரைக்காரரிடம் கொடுத்தது. மதுரைக்காரர் இவனிடம் கொடுத்தார். இவனுக்குக் கீழே கொடுக்க ஆள் இல்லாமல் இருந்தது. அன்று ஆஸ்பத்திரியில், நான் கையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, ஆளைக் கண்டுபிடித்துவிட்டான்.

மாமனார் வீட்டுக்குப் போனேன். என் மகள் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அம்மா இறந்ததிலிருந்து தாத்தா வீட்டில்தான் இருந்தாள். அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மச்சினன் பின்வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டான். எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"கான்ட்ராக்டர்கிட்ட நாந்தேன் சொன்னேன் மச்சான். அவருதேன் மொதல்ல குழிய மூடுறான்னாரு. இல்லாட்டி நீ உள்ள போயிருவேன்னாரு. கலவையவும் ஒடனே அனுப்பிட்டாரு."

அத்தனை நாள் வராமல் இருந்த கலவை, அன்று ஒரு போனில் வந்திருக்கிறது.

"அக்கா சாகக் கெடக்குதுன்னு சொன்னியாடா?"

"சொன்னேன். மூடிட்டுப் போன்னாரு." தேம்பினான். "அது செத்துப் போகும்னு நெனைக்கல மச்சான். கால் கை ஒடஞ்சுருக்கும்னுதேன் நெனச்சேன்."

இடது கையால் அவனை அடித்தேன். எனக்கு அது பழக்கமில்லாத கை. சரியாக விழவில்லை. அவன் நகராமல் நின்று இன்னொரு அடிக்காக முகத்தைக் காட்டினான். அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அதற்குள் மாமனார் வெளியே வந்துவிட்டார். அவர் எங்களைப் பிரிக்கவில்லை. கழுநீர்த் தொட்டியின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தார். அவருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது.

"மாப்ள, ஒரு புள்ளைய எரிச்சுட்டு வந்துட்டேன்" என்றார். "இன்னொண்ண ஜெயிலுக்கு அனுப்பப் போறீகளா?"

அவரே மேலும் சொன்னார்.

"ஒங்களுக்குச் சின்னத் தண்டனதேன் வருமாம். வக்கீலு சொன்னாரு. கட்டுன பொண்டாட்டியத் தவறவிட்டவருன்னு எரக்கப்படுவாகளாம். இவனுக்கு அப்பிடி இல்ல. வேலையும் போயிரும், உள்ளயும் வச்சுருவாக. எம் மக இருந்தா என்ன சொல்லியிருப்பான்னு நீங்களே ரோசனை பண்ணிக்கங்க."

வக்கீலை மதுரைக்காரர் ஏற்பாடு செய்திருந்தார் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் கடைசியாக மாமனார் கேட்டதை மதுரைக்காரர் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க எனக்கு நேரமே ஆகவில்லை. அவள் என்னைத்தான் மாட்டிவிட்டிருப்பாள். தம்பியை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஒங்களுக்கு என்ன, ஒரு கையெழுத்துத்தேன, போட்டுட்டு வாங்க" என்று சொல்லியிருப்பாள். அவளோடு அத்தனை வருடம் வாழ்ந்தவன் நான். எனக்குத் தெரியும்.

கேஸ் வருகிறவரை கடையைத் திறந்தேன், மூடினேன். கோர்ட்டில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண். குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டார். வக்கீல் என் முழங்கையைத் தொட்டார்.

"ஆமாங்கம்மா" என்றேன்.

"வேகமாகப் போனீர்களா?"

"ஆமாங்கம்மா."

கோர்ட் கலையும்வரை காவல், அதோடு அபராதம் என்றார். அபராதத்தை மச்சினன் கட்டினான். கோர்ட் கலையும்வரை நான் பின்பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவன் ஆடு திருடியதற்காக உட்கார்ந்திருந்தான். "நீங்க என்ன பண்ணீக?" என்று கேட்டான். பொண்டாட்டியைக் கொன்றுவிட்டேன் என்று சொன்னேன். நகர்ந்து உட்கார்ந்தான். மத்தியானம் மச்சினன் பரோட்டா பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து, காவலுக்கு நின்றவரிடம் கேட்டு என்னிடம் கொடுத்தான். எனக்குப் பசித்தது. சாப்பிட்டேன்.

என் மகளிடம் நான் எதையும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று இருந்தேன். பிறகு, அவளே கேட்கட்டும் என்று இருந்தேன். அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டதும், மதுரையில் கல்லூரியில் சேர்த்ததும், ஹாஸ்டலுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போனதும் அவளுடைய மாமாதான். அவளுக்கு அவன்மேல் உயிர். அவன் இப்போது நன்றாக இருக்கிறான். இடையில் ஆள் இல்லாமல் நேரடியாகவே ரோடு எடுக்கிறான். தனக்குக் கீழே ஆட்கள் வைத்திருக்கிறான். அவர்களிடம் முதல் நாளே எல்லாவற்றுக்கும் கையெழுத்து வாங்கிக்கொள்கிறான் என்று கேள்விப்பட்டேன்.

மனைவியின் திவசத்துக்கு மகள் ஊருக்கு வந்திருந்தாள். இலை போட்டு நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அவள் பரிமாறினாள். வடை வைக்க வந்தவள் என் முன்னால் நின்று, எந்த முகாந்திரமும் இல்லாமல் கேட்டாள்.

"அம்மாகூட வரும்போது அன்னைக்கு ஏம்ப்பா அவ்வளவு வேகமாப் போனீக?"

மாமனார் இலையைப் பார்த்தார். மச்சினன் ரசத்தைக் கையில் ஏந்தியபடி அப்படியே இருந்தான்.

"நான் வேகமாப் போகல ஆத்தா" என்றேன்.

"கோர்ட்லயே ஒத்துக்கிட்டீகள்ல."

"ரோட்டுல குழி இருந்துச்சு. ஒங்க மாமா வெட்டுன குழி. அன்னைக்கே மூடிட்டான். அவங்கிட்டயே கேளு."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் அழ ஆரம்பித்தான். உண்மையாகத்தான் அழுதான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் வடைத் தட்டைக் கீழே வைத்துவிட்டு, போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா மேல பழியப் போடாதீகப்பா" என்றாள். "அம்மா போனதுல இருந்து எனக்கு எல்லாம் செய்யிறது அவுகதேன். செஞ்சத ஒத்துக்கிட்டீக, அந்த மரியாத ஒண்ணுதேன் ஒங்க மேல எனக்கு இருந்துச்சு."

மாமனாரைப் பார்த்தேன். அவர் இலையை மடித்துவிட்டுக் கைகழுவ எழுந்தார்.

அதற்குப் பிறகு அவள் விடுமுறைக்கு வருவதில் குறை வைக்கவில்லை. எனக்குச் சோறு வடிப்பாள், சட்டை துவைத்துப் போடுவாள், மருந்து சாப்பிட்டேனா என்று கேட்பாள். ஆனால் என் வண்டியில் ஏற மாட்டாள். போன மாதம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து இறங்கினாள். நான் காத்திருந்தேன். பை கனமாக இருந்தது, மழை வருகிற மாதிரியும் இருந்தது. "வா ஆத்தா, மெதுவாப் போவோம்" என்றேன். பையை மட்டும் என் டேங்க் மேல் வைத்துவிட்டு, அவள் போய் ஒரு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். நான் அதன் பின்னாலேயே போனேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, முன்னால் போகச் சொல்லி இரண்டு மூன்று தடவை கையை நீட்டி ஆட்டினார். நான் போகவில்லை.